வீட்டுக் கணினியில் வைரஸ்: உள்ளே வந்தது எது, வெளியேற்றுவது எப்படி? (கேள்வி பதில்)

கேள்விகளுக்குப் போகும் முன் ஒரு வேண்டுகோள். "வைரஸ் வந்துவிட்டது, என்ன செய்வது?" என்று மட்டும் கேட்டால் உருப்படியாகப் பதில் சொல்ல முடியாது. கடைசியாக எதை டவுன்லோட் செய்தீர்கள், எதைச் சொடுக்கினீர்கள், யாருடைய பென்டிரைவைச் செருகினீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். வந்தது எந்த வகை என்பதைப் பொறுத்துத்தான் வேலை. சிலவற்றுக்கு இரண்டு நிமிடம் போதும். சிலவற்றுக்கு விண்டோஸை அடியோடு அழித்து மறுபடி போடாமல் தீராது.

கே: சார், திரையில வலது பக்கம் கீழே "உங்க சிஸ்டத்துல 5 வைரஸ் இருக்கு, உடனே நீக்குங்க"ன்னு அடிக்கடி வருது. டிஃபெண்டர்ல முழு ஸ்கேன் போட்டேன், ஒண்ணும் இல்லைங்குது. ஃபார்மட் பண்ணிடவா?

வேண்டாம். விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டர் சொல்வதுதான் சரி. ஏதோ ஒரு தளத்தில் "அனுமதி" என்ற பொத்தானை அழுத்தியிருக்கிறீர்கள். அந்தத் தளம் பிரௌசர் அறிவிப்பு வழியாக உங்களுக்கு விளம்பரம் அனுப்புகிறது. குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போங்கள். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். தெரியாத பெயர் எல்லாவற்றையும் நீக்குங்கள். எட்ஜிலும் இதே அமைப்பு உண்டு. அந்த அறிவிப்பைச் சொடுக்கி, அது காட்டும் "கிளீனர்" எதையாவது இன்ஸ்டால் செய்திருந்தால் அது வேறு கதை. அப்படியானால் மறுபடி எழுதுங்கள்.

கே: அண்ணா, ஒரு தளத்துல "நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபியுங்கள்"னு வந்துச்சு. விண்டோஸ் கீயும் ஆர் கீயும் சேர்த்து அழுத்து, கன்ட்ரோல் வி அழுத்து, என்டர் தட்டுன்னு சொல்லிச்சு. அப்படியே செஞ்சுட்டேன். கறுப்பா ஒரு ஜன்னல் வந்து மறைஞ்சுது. அப்புறம் ஒண்ணும் ஆகலை. ஸ்கேன்லயும் ஒண்ணும் இல்லை. பயப்படணுமா?

இன்று வந்த கேள்விகளில் அவசரமானது இதுதான். இதைப் படித்ததும் அந்தக் கணினியின் நெட்டைத் துண்டித்துவிடுங்கள்.

நடந்தது இது. அந்தப் பக்கம் உங்களுக்குத் தெரியாமல் ஒரு கட்டளையை கிளிப்போர்டில் (காப்பி செய்தது தங்கும் இடத்தில்) வைத்தது. நீங்கள் அதை ரன் பெட்டியில் ஒட்டி ஓடவிட்டீர்கள். அது பெரும்பாலும் விண்டோஸின் கட்டளைக் கருவியான பவர்ஷெல் வழியாகத் திருட்டு நிரல் ஒன்றை இறக்கும். பிரௌசரில் சேமித்த பாஸ்வேர்ட்கள், நீங்கள் லாகின் ஆகியிருக்கும் தளங்களின் குக்கிகள் (உங்கள் லாகினை நினைவில் வைத்திருக்கும் சிறு பதிவுகள்), கிரிப்டோ வாலட் இருந்தால் அதுவும், எல்லாம் சில நிமிடங்களில் வெளியே போய்விடும். இந்த வகையில் பல, வேலை முடிந்ததும் தம்மைத் தாமே அழித்துக்கொள்ளும். ஸ்கேனில் ஒன்றும் அகப்படாததால் ஒன்றும் போகவில்லை என்று எண்ணிவிடாதீர்கள்.

இந்த வகையில் பேர்போனது லும்மா. 2025 மார்ச் நடுவிலிருந்து மே நடுவரை, இரண்டே மாதத்தில், 3,94,000-க்கும் மேற்பட்ட விண்டோஸ் கணினிகளில் அதைக் கண்டதாக மைக்ரோசாஃப்ட் சொன்னது. அந்த மே மாதம் அதன் பின்னணியில் இருந்த சுமார் 2,300 இணைய முகவரிகள் முடக்கப்பட்டன. ஆக, ஏமாந்தது நீங்கள் ஒருவர் மட்டும் இல்லை.

இனி செய்ய வேண்டியது. வரிசை முக்கியம். வேறொரு நல்ல கணினியிலோ ஃபோனிலோ உட்கார்ந்து முதலில் மின்னஞ்சல் பாஸ்வேர்டை மாற்றுங்கள். மற்ற எல்லாக் கணக்குகளின் சாவியும் அங்கேதான் இருக்கிறது. அதே இடத்தில் "எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு" என்பதையும் அழுத்துங்கள். இதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். திருடப்பட்ட குக்கி கையில் இருந்தால் பாஸ்வேர்டும் தேவையில்லை, ஃபோனுக்கு வரும் ஓடிபியும் தேவையில்லை; ஏற்கெனவே லாகின் ஆன ஆளாகவே உள்ளே போய்விடலாம். மீட்பு எண், மீட்பு முகவரி மாறியிருக்கிறதா, உங்கள் மெயில் வேறு யாருக்காவது தானாக ஃபார்வர்டு ஆகிறதா என்றும் பாருங்கள். பிறகு வங்கி, அதன் பின் மற்றவை. பாதிக்கப்பட்ட கணினியிலேயே உட்கார்ந்து புதுப் பாஸ்வேர்ட் அடிப்பதில் பயனே இல்லை.

கணக்குகளைக் காப்பாற்றிய பிறகு கணினிக்கு வாருங்கள். இந்த வகைக்கு நான் சொல்வது முழு மறுநிறுவல்தான். பின்னால் வேறென்ன விட்டுப்போயிருக்கிறது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

கே: அண்ணா, மறுபடியும் நான்தான். மறுநிறுவல்னா "ரீசெட் திஸ் பிசி" போதுமா? அதுல "கீப் மை ஃபைல்ஸ்"னு ஒண்ணு இருக்கே?

"கீப் மை ஃபைல்ஸ்" இந்த நிலைமைக்கு வேண்டாம். "ரிமூவ் எவ்ரிதிங்" தேர்ந்தெடுத்து, கூடவே "கிளவுட் டவுன்லோட்" போடுங்கள். இருக்கும் விண்டோஸ் ஃபைல்களை நம்பாமல் புதிதாக இறக்கிக்கொள்ளும். சுமார் 4 ஜிபி செலவாகலாம். இன்னும் உறுதியான வழி, வேறொரு நல்ல கணினியில் மைக்ரோசாஃப்டின் மீடியா கிரியேஷன் டூல் கொண்டு 8 ஜிபி பென்டிரைவில் இன்ஸ்டாலர் செய்து, அதிலிருந்து துவக்கி, டிஸ்கின் பார்ட்டிஷன்கள் எல்லாவற்றையும் நீக்கிவிட்டுப் போடுவது. டி டிரைவில் வைத்த படங்களும் அதோடு போய்விடும், கவனம்.

அதற்கு முன் படம், வீடியோ, ஆவணங்களை வெளி டிஸ்குக்கு எடுத்துக்கொள்ளுங்கள். எக்ஸி ஃபைல்கள் (இயங்கும் நிரல்கள்), பழைய இன்ஸ்டாலர்கள், கிராக் (காசு கொடுக்காமல் மென்பொருளைத் திறக்கும் திருட்டு ஃபைல்), ஜிப் எதையும் எடுக்காதீர்கள். சாலிட்டி, விருட் போன்ற வைரஸ்கள் கண்ணில் படும் எக்ஸி ஒவ்வொன்றிலும் தம்மை ஒட்டிக்கொள்பவை. ஒரு பழைய இன்ஸ்டாலரைக் காப்பாற்றப் போய் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டிவரும்.

கே: பென்டிரைவ்ல இருந்த ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டா மாறிடுச்சு. பொண்ணோட ப்ராஜெக்ட் அதுலதான் இருக்கு. ஃபார்மட் பண்ணா போயிடுமே மேடம்?

ஃபார்மட் செய்யாதீர்கள். ப்ராஜெக்ட் பெரும்பாலும் உள்ளேயே பத்திரமாக இருக்கும். இது புழு, அதாவது தானாகவே பரவும் ஒரு வகை வைரஸ். உண்மையான ஃபோல்டர்களை மறைத்துவிட்டு அதே பெயரில் ஷார்ட்கட் வைக்கிறது. அதைச் சொடுக்கினால் முதலில் புழு ஓடும், பிறகு உங்கள் ஃபோல்டரும் திறக்கும். அதனால்தான் பல நாள் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. முன்பெல்லாம் பென்டிரைவைச் செருகினாலே இவை தானாக ஓடின. விண்டோஸ் 7 அந்த வழியை அடைத்தது. 2011 பிப்ரவரியில் வந்த அப்டேட் எக்ஸ்பி, விஸ்டாவிலும் அடைத்தது. இப்போது அவற்றுக்கு உங்கள் சொடுக்கு வேண்டும். அதைக் கொடுக்காதீர்கள்.

முதலில் கணினி, பிறகு பென்டிரைவ். கணினியில் புழு ஓடிக்கொண்டிருக்கும்வரை பென்டிரைவை எத்தனை முறை சுத்தம் செய்தாலும் மறுபடி தொற்றும். ஆகவே பென்டிரைவைக் கழற்றிவிட்டு டிஃபெண்டரின் ஆஃப்லைன் ஸ்கேனை ஓடவிடுங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் ஸ்கேன் ஆப்ஷன்ஸ் பகுதியில் கடைசியாக இருக்கும். ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் எழுவதற்கு முன்பே தேடும். கால்மணி நேரம் ஆகும். வைரஸ் விழித்துக்கொள்ளும் முன் நடக்கும் தேடல் என்பதால் இதற்கு மதிப்பு அதிகம்.

பிறகு பென்டிரைவைச் செருகி, எதையும் திறக்காமல், அதன்மேல் வலது சொடுக்கு செய்து ஸ்கேன் செய்யுங்கள். எக்ஸ்புளோரரின் ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் மறைந்த ஃபைல்களைக் காட்டச் சொல்லி, "ஹைட் புரொடெக்டட் ஆப்பரேட்டிங் சிஸ்டம் ஃபைல்ஸ்" என்பதில் உள்ள டிக்கையும் எடுங்கள். மங்கலான நிறத்தில் உண்மையான ஃபோல்டர்கள் தெரியும். சில சமயம் எல்லாம் பெயரே இல்லாத ஒரு ஃபோல்டருக்குள் கிடக்கும். ஆவணங்களை மட்டும் நகலெடுத்த பிறகு தாராளமாக ஃபார்மட் செய்யுங்கள்.

கே: டிஃபெண்டரே திறக்க மாட்டேங்குது. ஆன்டிவைரஸ் தளத்துக்குப் போனாலும் பக்கம் வரமாட்டேங்குது. மத்த தளம் எல்லாம் வருது.

உள்ளே இருப்பது தன்னைக் காத்துக்கொள்கிறது என்று பொருள். வேறொரு கணினியில் மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனரை இறக்கி, பென்டிரைவில் கொண்டுவாருங்கள். இறக்கிய 10 நாளில் அது காலாவதியாகிவிடும், ஆகவே பழையதை வைத்துக்கொண்டு போராடாதீர்கள். ஷிஃப்டை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுத்து, டிரபுள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்டப் செட்டிங்ஸ் வழியாகப் போய் 4 அழுத்தினால் சேஃப் மோட், அதாவது அத்தியாவசியமானவை மட்டும் ஓடும் விண்டோஸ். பிட்லாக்கர் (டிஸ்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) இருந்தால் மீட்புச் சாவி கேட்கலாம், முன்பே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஸ்கேனரை ஓட்டுங்கள்.

தளங்கள் திறக்காததற்கு, எந்தத் தளப் பெயர் எந்த முகவரிக்குப் போக வேண்டும் என்று சொல்லும் ஹோஸ்ட்ஸ் என்ற ஃபைலைப் பாருங்கள். சி டிரைவில் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ், ஈடிசி ஃபோல்டருக்குள் இருக்கும். நோட்பேடில் திறந்தால் ஆன்டிவைரஸ் நிறுவனங்களின் பெயர்கள் வரிசையாகத் தெரிந்தால் அந்த வரிகளை அழித்துவிடுங்கள். நெட்வொர்க் செட்டிங்ஸில் நீங்கள் வைக்காத பிராக்ஸி (உங்கள் நெட் போக்குவரத்தை வழிமாற்றும் இடைத்தரகர்) இருக்கிறதா என்றும் பாருங்கள். டிஃபெண்டர் திறந்த பிறகு அதன் "எக்ஸ்குளூஷன்ஸ்" பட்டியலைக் கட்டாயம் பார்க்க வேண்டும். சி டிரைவ் முழுவதையும் "இதைத் தேடாதே" என்று அங்கே சேர்த்துவிடும் வைரஸ்கள் உண்டு. அந்த நிலையில் ஆயிரம் ஸ்கேன் போட்டாலும் "சுத்தம்" என்றே வரும்.

கே: ஃபேன் பயங்கரமா சுத்துது. டாஸ்க் மேனேஜர் திறந்தா உடனே அடங்கிடுது. மூடினா மறுபடி சத்தம். இது ஹார்டுவேர் பிரச்சினையா?

இல்லை, உங்கள் கணினியை உழைக்கவைத்து வேறு யாருக்கோ கிரிப்டோ நாணயம் சம்பாதித்துத் தரும் கிரிப்டோ மைனராக இருக்க வாய்ப்பு அதிகம். டாஸ்க் மேனேஜர் திறப்பதைக் கவனித்து ஒதுங்கிக்கொள்ளும்படியே சிலவற்றை எழுதியிருக்கிறார்கள். மைக்ரோசாஃப்டின் சிஸ்இன்டர்னல்ஸ் தொகுப்பில் ஆட்டோரன்ஸ் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. மைக்ரோசாஃப்ட் பதிவுகளை மறைக்கும் தேர்வைப் போட்டுவிட்டு, லாகான், ஷெட்யூல்டு டாஸ்க்ஸ் இரண்டு டேபையும் பாருங்கள். வெளியீட்டாளர் பெயரோ டிஜிட்டல் கையெழுத்தோ இல்லாதவை இளஞ்சிவப்பில் தெரியும். சிவப்பெல்லாம் வைரஸ் இல்லை. ஆப் டேட்டா ஃபோல்டருக்குள் விநோதப் பெயரில் கிடப்பவற்றைச் சந்தேகியுங்கள். அழிக்காமல் டிக்கை மட்டும் எடுத்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். சத்தம் அடங்கினால் பிடித்துவிட்டீர்கள். பிறகு ஆஃப்லைன் ஸ்கேன்.

கே: ஐயா, எல்லா ஃபோட்டோவும் வேற எக்ஸ்டென்ஷனுக்கு மாறிப்போச்சு. ஒவ்வொரு ஃபோல்டர்லயும் பணம் கேட்டு ஒரு டெக்ஸ்ட் ஃபைல். குழந்தை பிறந்ததிலிருந்து எடுத்த படம் எல்லாம் அதுல இருக்கு. வழி உண்டா?

உங்கள் வேதனை புரிகிறது. நிதானமாகப் படியுங்கள். நெட்டைத் துண்டியுங்கள், வெளி டிஸ்கைக் கழற்றுங்கள். பூட்டப்பட்ட ஃபைல் எதையும் அழிக்காதீர்கள். அந்த டெக்ஸ்ட் ஃபைலையும் வைத்திருங்கள். ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் இந்த வகைக்கு ரான்சம்வேர் என்று பெயர். எந்த ரான்சம்வேர் என்று கண்டுபிடிக்க அது வேண்டும். 2016-இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் காவல் அமைப்பான யூரோபோலும் நெதர்லாந்து காவல்துறையும் பாதுகாப்பு நிறுவனங்களும் சேர்ந்து தொடங்கிய "நோ மோர் ரான்சம்" தளத்தில் அந்த டெக்ஸ்ட் ஃபைலையும் பூட்டப்பட்ட, அந்தரங்கம் இல்லாத இரண்டு ஃபைலையும் ஏற்றினால் வகையைச் சொல்லும். சாவி இருந்தால் இலவசமாகத் தரும்.

வீட்டுக் கணினிகளை அதிகம் தாக்கிய ஸ்டாப் அல்லது டிஜேவு எனப்படும் குடும்பத்துக்கு, 2019 அக்டோபரில் எம்சிசாஃப்ட் என்ற பாதுகாப்பு நிறுவனம் இலவசக் கருவி வெளியிட்டது. 148 வகைகளுக்கு அது உதவியது. அதற்குப் பின் வந்த வகைகளில், பூட்டும் நேரத்தில் நெட் இல்லாமல் "ஆஃப்லைன் சாவி"யால் பூட்டப்பட்டவற்றுக்கு மட்டும் வாய்ப்பு உண்டு. ஆன்லைன் சாவி என்றால் இன்று வழியில்லை. பொய் நம்பிக்கை தர மாட்டேன். "நாங்கள் திறந்து தருகிறோம்" என்று பணம் கேட்பவர்களிடமும் போகாதீர்கள். பூட்டிய படங்களை அப்படியே ஒரு டிஸ்கில் எடுத்து வையுங்கள். குற்றவாளிகள் பிடிபட்டுச் சாவிகள் வெளிவந்தது முன்பு நடந்திருக்கிறது. ஃபோனின் கிளவுட் கணக்கு, உறவினருக்கு அனுப்பிய படங்கள், பழைய மெமரி கார்டு, எல்லாவற்றையும் தேடுங்கள். இந்தக் குடும்பம் பாஸ்வேர்ட் திருடனையும் கூடவே இறக்குவதுண்டு. எனவே மேலே சொன்ன பாஸ்வேர்ட் வேலை உங்களுக்கும் உண்டு.

கே: "மைக்ரோசாஃப்ட் உதவி எண்"னு திரை முழுக்க வந்துச்சு. அப்பா ஃபோன் பண்ணி, அவங்க சொன்ன மென்பொருளைப் போட்டு கணினியையே அவங்க கையில கொடுத்துட்டார்.

மைக்ரோசாஃப்டின் பிழைச் செய்தியில் ஃபோன் எண் வரவே வராது. அப்பாவைத் திட்டாதீர்கள், பயமுறுத்திச் செய்ய வைப்பதுதான் அவர்கள் தொழில். அடுத்த முறை எதையாவது மறைக்காமல் சொல்ல அவருக்குத் தைரியம் வேண்டும். உடனே வங்கிக்குச் சொல்லுங்கள். பிறகு நெட் துண்டிப்பு, வேறு சாதனத்தில் பாஸ்வேர்ட், முழு மறுநிறுவல்.

கே: கிராக் ஃபைலை ஆன்டிவைரஸ் பிடிக்குது. "ஃபால்ஸ் பாசிட்டிவ், ஆஃப் பண்ணிட்டுப் போடு"ன்னு அதுலயே எழுதியிருக்கு.

ஃபால்ஸ் பாசிட்டிவ் என்றால் பொய் எச்சரிக்கை. வைரஸ் எழுதியவனும் அதையேதான் எழுதுவான். போடாதீர்கள்.

கே: ரெண்டு ஆன்டிவைரஸ் போட்டா ரெட்டைப் பாதுகாப்பா?

இல்லை. நிகழ்நேரக் காவலுக்கு ஒன்று போதும். சந்தேகம் வரும்போது மட்டும் மால்வேர்பைட்ஸ் இலவசப் பதிப்பை ஓட்டிப் பாருங்கள்.

கே: ஃபார்மட் பண்ணி ஒரு மணி நேரத்துல பிரௌசர் தேடல் பக்கம் மறுபடி மாறிடுச்சு. பயாஸ்ல வைரஸ் இருக்குமோ?

யூஇஎஃப்ஐ-க்குள் (பயாஸின் இன்றைய வடிவம்) ஒளியும் வைரஸ் உண்மையிலேயே உண்டு. 2018-இல் லோஜாக்ஸ் அப்படி அகப்பட்டது. ஆனால் அது குறிவைத்து நடந்த உளவு வேலை. உங்களுக்கு வந்தது பெரும்பாலும் பிரௌசர் சிங்க், அதாவது பிரௌசர் அமைப்புகளைக் கணக்கில் சேமித்துத் திரும்பக் கொண்டுவரும் வசதி. கணக்கில் லாகின் ஆனதும் பழைய கெட்ட எக்ஸ்டென்ஷனை அது விசுவாசமாகத் திரும்ப இறக்கியிருக்கும். சிங்கை நிறுத்தி, எக்ஸ்டென்ஷனை நீக்கி, பிரௌசரை ரீசெட் செய்து, அதன் பின் சிங்கைத் தொடங்குங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் ரூட்டரின் டிஎன்எஸ் (தளப் பெயரை முகவரியாக மாற்றித் தரும் சேவை) முகவரி மாறியிருக்கிறதா என்று பாருங்கள், அதன் பாஸ்வேர்டையும் மாற்றுங்கள்.

கே: என்னுடையது விண்டோஸ் 10. அப்டேட் நின்றுவிட்டதாமே. ஆன்டிவைரஸ் இருந்தால் போதாதா?

2025 அக்டோபர் 14-உடன் ஆதரவு முடிந்தது. டிஃபெண்டருக்கு வைரஸ் பட்டியல் 2028 அக்டோபர் வரை வரும் என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருக்கிறது. ஆனால் பட்டியல் வேறு, ஓட்டையை அடைப்பது வேறு. வன்னாக்ரை என்ற ரான்சம்வேர் 2017 மே 12-இல் பரவியபோது அது நுழைந்த ஓட்டைக்கான அப்டேட் மார்ச் 14-லேயே வந்திருந்தது. போடாதவர்கள் எதையும் சொடுக்காமலே மாட்டினார்கள். உங்கள் கணினி விண்டோஸ் 11 ஏற்குமானால் மாறுங்கள். ஏற்காவிட்டால், செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் நீட்டிக்கப்பட்ட பாதுகாப்பு அப்டேட்டுக்குப் பதிவு செய்யும் வழி இருக்கும். அது 2026 அக்டோபர் 13 வரை. அதன் பின்னும் அதே கணினிதான் என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டுப் பாருங்கள். பிரௌசரும் ஆவணங்களும் மட்டும் பார்க்கும் வீட்டுக்கு அது தாராளமாகப் போதும்.