மிஷன் பள்ளியும் நன்றிக்கடனும் – ஒரு கடிதம்

அன்புள்ள அண்ணனுக்கு,

மதங்களை விமர்சித்து நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். கோபம் வந்தது என்பதை மறைக்கவில்லை. நம் குமரி மாவட்டத்தில் பள்ளிக்கூடம் கட்டியது யார்? ஆஸ்பத்திரி கட்டியது யார்? மார்பை மூடித் தோள்சீலை போடும் உரிமைக்காக நம் பாட்டிமாரோடு நின்றது யார்? சாதிக்கொடுமையை எதிர்த்து நின்ற அய்யா வைகுண்டர் என்ன நாத்திகரா? உங்கள் பாட்டி மிஷன் பள்ளியில்தான் எழுத்துப் படித்தார் என்று நீங்களே முன்பு எழுதியிருக்கிறீர்கள். மதம் போட்ட சோற்றைத் தின்றுவிட்டு மதத்தையே ஏசுவது என்ன நியாயம்? கடைசியாக ஒன்று, கோபிக்க வேண்டாம். நீங்கள் செத்தால் எங்கே கொண்டு புதைப்பார்கள்?

ஒரு வாசகர், மார்த்தாண்டம்

*

அன்புள்ள தம்பிக்கு,

கடைசிக் கேள்விதான் இருப்பதிலேயே நல்ல கேள்வி. அதற்குக் கடைசியிலேயே வருகிறேன்.

பாட்டி விஷயம் உண்மை. அவர் வாசித்த முதல் எழுத்தும் கடைசி எழுத்தும் பைபிளில் உள்ளவை. 1806இல் மிஷனரி ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வந்திராவிட்டால், 1838இல் நெய்யூரில் மருத்துவப் பணி தொடங்கியிராவிட்டால் இந்த மாவட்டம் வேறு மாதிரி இருந்திருக்கும். 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவு 91.75 சதவீதம், தமிழ்நாட்டிலேயே முதலிடம். அதில் மிஷன் பள்ளிகளின் பங்கை மறைப்பவன் நாத்திகன் இல்லை, பொய்யன்.

சரி, தோள்சீலைக்கு வருவோம். துணி போடக்கூடாது என்று தடுத்தது யார்? அன்று நம் ஊரையும் ஆண்ட திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா 1750இல் நாட்டையே பத்மநாபசுவாமிக்குத் தானம் செய்துவிட்டு, அந்தச் சாமியின் ஊழியனாக, பத்மநாபதாசனாக ஆண்டார். அதன் பிறகு அரசன் போட்ட உத்தரவெல்லாம் சாமி போட்ட உத்தரவு. வரி, ஊழியம், யார் எந்தத் தெருவில் நடக்கலாம், எந்தப் பெண் எதுவரை உடுத்தலாம் எல்லாமே அதில் அடக்கம். கோயிலும் அரசுக் கச்சேரியும் ஒன்றாக இருந்த ஊரில் ஒரு ஏழைப் பெண் யாரிடம் போய் வழக்குச் சொல்வாள்? பல வருடக் கலவரத்துக்குப் பிறகு 1859இல் வந்த அறிவிப்பும் முழு மனதோடு வந்ததல்ல. குப்பாயம் என்ற ரவிக்கை போட்டுக்கொள், முரட்டுத் துணியால் மூடிக்கொள், ஆனால் மேல்சாதிப் பெண்கள் மாதிரி மட்டும் உடுத்தாதே என்றது. நீங்கள் மதத்துக்குச் சாட்சியாகக் கொண்டுவந்த அதே வழக்கில் எதிரிக் கூண்டில் நிற்பதும் மதம்தான்.

வைகுண்டர் நாத்திகர் இல்லை. ஆனால் நிறுவன மதத்தை இந்த மண்ணில் அவரளவு நறுக்கென்று விமர்சித்த நாத்திகரை எனக்குத் தெரியாது. பூசாரி வேண்டாம், பலி வேண்டாம், சிலைக்குப் பதில் கண்ணாடி. தலையில் துண்டு கட்டக்கூடாது என்றிருந்தவர்களிடம், தலைப்பாகை கட்டிக்கொண்டு சாமி கும்பிடு என்றார். எல்லாச் சாதிக்கும் ஒரே கிணறு என்றார். மன்னரை நீசன் என்றார். திருவனந்தபுரம் சிங்காரத்தோப்பில் அவரைச் சிறை வைத்தது நாத்திக அரசு இல்லை, தம்பி. பகத்சிங்கின் நாத்திகக் கட்டுரையைத் தமிழாக்கிய கம்யூனிஸ்ட் தலைவர் ஜீவாவும் நம் பூதப்பாண்டிக்காரர்தான். இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்கு எந்தச் சங்கடமும் இல்லை.

என் வழக்கு பாட்டி படித்த பள்ளியோடு இல்லை. அந்தப் பள்ளிக்குப் பக்கத்திலேயே ஒரு அலுவலகமும் ரசீதுப் புத்தகமும் வந்தனவே, அவற்றோடு. அப்பா நாத்திகர். எழுபதுகளின் கடைசியில் சபைக்குச் சந்தா கட்டுவதை நிறுத்திவிட்டார். பாட்டி நிறுத்தவில்லை. நடக்க முடிந்தவரை எந்த ஞாயிறும் தவறவில்லை, காணிக்கைப் பையில் காசு போடாமல் திரும்பியதில்லை. ஆனால் குடும்பம் அப்பா பெயரில் இருந்தது. பாட்டி இறந்த அன்று குழி வெட்ட அனுமதி கேட்கப் போன அப்பாவிடம் கமிட்டிக்காரர் ஒருவர் ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னார்: “பதினொரு வருஷப் பாக்கி கெடக்குல்லா? அதை அடைச்சிட்டு வாங்க, குழி வெட்டலாம்.” பாட்டியை ஐஸ் பாளத்தின் மேல் கிடத்தியிருந்தோம். மாமா கடன் வாங்கிக் கொண்டுவந்தார். அப்பா ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடைசிவரை ஒன்றும் பேசவில்லை. உபதேசம் பண்ணின சபைப் போதகர் ஐயர் நல்ல மனிதர், கண்கலங்கினார். அவர் கையிலும் ஒன்றும் இல்லை.

இது சபையை மட்டும் சொல்வதற்காக இல்லை. பெரியப்பா வீடு இந்து. கோயில் கொடை விழாவுக்கு வீட்டுக்கு வீடு வாங்கும் தலைக்கட்டு வரியைக் கட்டாத வீட்டு விசேஷத்துக்கு ஊரில் யாரும் போகக்கூடாது. திருவிதாங்கோட்டு நண்பரிடம் பள்ளிவாசல் ஜமாத்தைப் பற்றிக் கேட்டால் சிரிப்பார். பிறப்பு, கல்யாணம், சாவு என்ற மூன்று வாசலிலும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவர் எங்கேயும் உண்டு. அவர் முன்னால் கடவுள் உண்டா இல்லையா என்பதெல்லாம் சின்ன விஷயம்.

பெரியப்பா இந்து என்றேன். சித்தப்பா பெந்தெகொஸ்தே. நம் மாவட்டத்தில் இது அதிசயம் இல்லை. எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் மூன்று வகை ஜெபமும் ஒரே அவியலும் இருந்த காலம் உண்டு. 1982 மார்ச்சில் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் மோதிக்கொண்ட மண்டைக்காட்டுக் கலவரம் வந்தபோது எனக்குப் பத்து வயது. துப்பாக்கிச் சூடு, எரிந்த வீடுகள் எல்லாம் பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசியவை. நான் கண்ணால் கண்டது ஒன்றுதான். கடற்கரையிலிருந்து தலைச்சுமடாக மீன் கொண்டுவரும் அம்மா வரவில்லை. பாட்டிக்கு அவரிடம்தான் பற்று. வெற்றிலையை மாற்றிக்கொண்டு ஒரு மணி நேரம் பேசுவார்கள். பல மாதம் கழித்து வந்தார். வாசலில் நின்றே விற்றுவிட்டுப் போனார், திண்ணையில் உட்காரவில்லை. பெரியப்பா வீட்டுப் பக்கம் போகவே இல்லை.

எங்கள் ஆட்களின் குறையையும் சொல்லிவிடுகிறேன். இங்கே நாத்திகர்கள் கூட்டம் போடுவோம், கை தட்டுவோம். ஒரு சாவு விழுந்தால் பந்தல் போடவும் கட்டஞ்சாயா போடவும் ஆள் கிடையாது. சபையில் இருக்கிறது, கோயில் கமிட்டியில் இருக்கிறது. மதம் தொல்லை தருவதும் தாங்கிப் பிடிப்பதும் ஒரே கையால்தான். மதம் இல்லாமல் கல்யாணம் செய்யப் போனால் சிறப்புத் திருமணச் சட்டத்தில் முப்பது நாள் நோட்டீஸ் ஒட்டுகிறார்கள். அதுவும் சபையில் கல்யாணத்துக்கு முன் அறிவிக்கும் ஓலை வாசிப்பு மாதிரிதான். மூன்று ஞாயிறுக்குப் பதில் ஒரு மாதம். அதற்குள் சொந்தக்காரர் எல்லாரும் வந்துவிடுவார்கள். நானே அம்மாவுக்காகச் சபையில்தான் தாலி கட்டினேன். பாக்கியெல்லாம் அடைத்துவிட்டு.

இனி உங்கள் கேள்வி. ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரிக்கு உடலைக் கொடுப்பதாகப் படிவம் எழுதி வைத்திருக்கிறேன். என் கையெழுத்து இருக்கிறது, மனைவியின் கையெழுத்து இன்னும் இல்லை. அவள் விசுவாசி. சண்டை போடவில்லை. “பிள்ளைகள் வந்தா பூ வைக்க ஒரு இடம் வேண்டாமா?” என்று மட்டும் கேட்டாள். படிவம் இரண்டு வருடமாக அலமாரியில் கிடக்கிறது.

அன்புடன்,
அண்ணன்