மூன்றாம் நாள் செத்த மீனுக்குப் பணம் கிடைக்குமா?

என்னவோ தெரியவில்லை, நம் தென்னாப்பிரிக்க வாசகர்களிடமிருந்து இந்தத் தடவை வந்த கேள்விகளில் பாதி மீன் தொட்டி பற்றியவை. அதுவும் கோல்ட்ஃபிஷ் நீந்தும் நன்னீர்த் தொட்டி இல்லை. பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி. கைக்காசு கணிசமாகக் கரைகிற விஷயம் என்பதால் சேர்த்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி (சாட்ஸ்வர்த்): மகளின் பிறந்தநாளுக்கு ஒரு ப்ளூ டேங் மீன் வாங்கினேன். கடையில் சுறுசுறுப்பாகத்தான் இருந்தது. வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் செத்துவிட்டது. ‘உயிருள்ளவற்றுக்கு உத்தரவாதம் இல்லை, பணம் திருப்பித் தரப்படாது’ என்று கல்லாவுக்குப் பின்னால் போர்டு தொங்குகிறது. அவ்வளவுதானா? எங்கள் தொட்டி மூன்றடி நீளம். வைத்து இரண்டு மாதம் ஆகிறது.

பதில்: போர்டைப் பார்த்து வாயை மூடிக்கொள்ள வேண்டாம். சட்டத்தின் கண்ணில் மீனும் விற்பனைப் பொருள்தான். நம் நாட்டின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2011 முதல் நடைமுறையில் இருக்கிறது. குறையுள்ள பொருளை ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கும் உரிமையை அதன் 56-ஆம் பிரிவு தருகிறது. ஒரு போர்டை மாட்டிவைத்து அந்த உரிமையைப் பறித்துவிட முடியாது.

ஆனால் மீன் விஷயத்தில் உங்கள் கை அவ்வளவு பலமானதல்ல. பம்ப் கெட்டுப்போனால் பம்பைக் கொண்டுபோய்க் காட்டலாம். மீன் செத்தால் ‘உன் தண்ணீர் சரியில்லை’ என்பார் கடைக்காரர். பல சமயம் அவர் சொல்வது உண்மையாகவும் இருக்கும். புதுத் தொட்டியில் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியா நிலைபெறவே பொதுவாக நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். இரண்டு மாதம் என்பது அந்தக் கட்டத்தை இப்போதுதான் தாண்டியிருக்கும் வயது. ஆகவே மீன் செத்த அன்றே தண்ணீரைச் சோதித்து, அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் என்று காட்டும் டெஸ்ட் கிட் குழாய்களை ரசீதோடு சேர்த்து ஒரு படம் எடுத்து வைத்திருந்தால் பேச இடமுண்டு. இல்லையென்றால் இது உங்கள் சொல்லுக்கும் அவர் சொல்லுக்கும் நடுவிலான வழக்கு.

பலர் கவனிக்காத இன்னொரு வழி இருக்கிறது. அதே சட்டத்தின் 55-ஆம் பிரிவின்படி, ‘எனக்கு இன்ன காரியத்துக்கு வேண்டும்’ என்று நீங்கள் குறிப்பாகச் சொல்லி வாங்கினால், அந்தச் சரக்கையே வழக்கமாக விற்கிறவர் தரும் பொருள் அந்தக் காரியத்துக்குப் பொருந்த வேண்டும். ப்ளூ டேங் முப்பது சென்டிமீட்டர் வரை வளரும், ஓயாமல் நீந்தும். மூன்றடித் தொட்டிக்கு அதை விற்றதே தவறு. ஆனால் தொட்டி மூன்றடி என்று நீங்கள் அவரிடம் சொன்னீர்களா? சொன்னதற்குச் சாட்சி உண்டா? இனிமேல் கடைக்குப் போகும் முன்பு ஒரு வாட்ஸ்அப் அனுப்பிவிடுங்கள்: தொட்டியின் நீளம், எத்தனை லிட்டர், எப்போது வைத்தது, உள்ளே ஏற்கெனவே என்னென்ன இருக்கின்றன, இந்த மீன் சரிப்படுமா. ‘சரிப்படும்’ என்று பதில் வந்தால் அதை அழிக்காதீர்கள். ரசீதுக்குச் சமமான தாள் அது.

அப்புறம், துள்ளுகிறது என்பதை வைத்து மீன் வாங்கவே கூடாது. கடைக்காரரிடம் ‘ஒரு பிடி தீனி போடுங்கள்’ என்று கேளுங்கள். உங்கள் கண்ணெதிரே அது தின்ன வேண்டும். தீனியை வாயில் வாங்கித் துப்புகிற மீனும் வேண்டாம். செவுள் படபடவென்று அடிக்கிறதா, வயிறு உள்வாங்கியிருக்கிறதா, உடம்பில் உப்புத் தூவியது போல் வெள்ளைப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். வெல்வெட் என்ற நோய்க்கு ஓரிரண்டு நாளே போதும், புள்ளி சரியாகத் தெரியும் முன்பே மீன் போய்விடும். என்றைக்கு வந்த சரக்கு என்றும் கேளுங்கள். நேற்று விமானத்தில் இறங்கிய மீனை இன்று வாங்கினால் பயணக் களைப்பின் விலையையும் நீங்களே கொடுக்கிறீர்கள். முன்பணம் கட்டி, இரண்டு வாரம் கடையிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மறுக்கிற கடை தன் மீனைப் பற்றி என்ன நினைக்கிறது என்று அதிலேயே தெரிந்துவிடும்.

இப்போது என்ன செய்யலாம்? மேலாளருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பதில் இல்லையென்றால் சி.ஜி.எஸ்.ஓ. எனப்படும் நுகர்வோர் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், கட்டணம் கிடையாது. அதற்கும் மேலே தேசிய நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. என்னைக் கேட்டால் ஒரு மீனுக்காக அவ்வளவு தூரம் போவதைவிட, கடைக் கணக்கில் வரவு வைக்கச் சொல்லி ஒரு ஜோடி க்ளவுன் மீன் வாங்கிக்கொள்ளுங்கள். தொட்டியிலேயே பொரித்து வளர்த்த குஞ்சாகக் கேளுங்கள். மூன்றடிக்கு அது போதும், மகளும் சமாதானமாகிவிடுவாள்.

கேள்வி (பீனிக்ஸ்): தொட்டிக்குக் கீழே இருக்கும் சம்ப் என்ற துணைத் தொட்டியிலிருந்து தண்ணீர் ஏற்றும் பம்ப் நாலாம் மாதமே நின்றுவிட்டது. லோட்ஷெடிங் (முறைவைத்த மின்வெட்டு) முடிந்து கரண்ட் வந்தபோது எரிந்திருக்கும், நாங்கள் பொறுப்பில்லை என்கிறார்கள். வேண்டுமானால் ஜோஹன்னஸ்பர்க்குக்கு ரிப்பேருக்கு அனுப்புவார்களாம், ஆறு வாரம் ஆகுமாம். ஆறு வாரம் பம்ப் இல்லாமல் எப்படி அண்ணா?

பதில்: ஆறு மாதம் முடியவில்லை அல்லவா? அப்படியானால் ரிப்பேரா, மாற்றுப் பொருளா, பணமா என்று முடிவு செய்வது நீங்கள், கடை அல்ல. ‘அனுப்பிப் பார்க்கிறோம்’ என்று அவர்களாகத் தீர்மானிக்க இடமில்லை. மின்னழுத்தம் ஏறித்தான் எரிந்தது என்றால் அதை டெக்னீஷியன் அறிக்கையாக எழுதித் தரச் சொல்லுங்கள். மேசைக்குப் பின்னாலிருந்து ஊகமாகச் சொல்வது போதாது. ஒருவேளை நீங்களே ரிப்பேருக்குச் சம்மதித்து, மூன்று மாதத்துக்குள் அது மறுபடி கெட்டால், அப்போது மாற்றுப் பொருளோ பணமோ தந்தே ஆக வேண்டும். ஆனால் அறிக்கையில் உண்மையாகவே மின்னழுத்தம் என்று வந்தால் வாதம் பலவீனமாகிவிடும். வீட்டில் மின்னழுத்தம் ஏறினால் காக்கும் சர்ஜ் ப்ளக் இல்லாமல் இவ்வளவு விலைச் சாமான்களைச் சொருகி வைப்பது நல்லதில்லை.

லோட்ஷெடிங் முன்னைப் போல் இல்லைதான், ஆனாலும் கேபிள் திருட்டும் சப்ஸ்டேஷன் கோளாறும் நம்மை விட்டபாடில்லை. கரண்ட் போனால் முதலில் குறைவது ஆக்சிஜன். பேட்டரியில் ஓடும் சின்னக் காற்று பம்ப் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். விளக்கு சில மணி நேரம் அணைந்தால் பவளத்துக்கு ஒன்றும் ஆகாது, அதற்கு இன்வர்ட்டர் பேட்டரியை வீணாக்க வேண்டாம். நீரோட்டத்துக்கும், குளிர்காலத்தில் ஹீட்டருக்கும் கொடுங்கள்.

இன்னொன்று. புதுப் பம்ப் வந்ததும், எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது மெயின் ஸ்விட்சை அணைத்துவிட்டு சம்ப்பைப் பாருங்கள். மேல் தொட்டியிலிருந்து தண்ணீர் இறங்கிக்கொண்டே வரும். எங்கே நிற்கிறதோ அங்கே ஒரு டேப் ஒட்டுங்கள். நிற்காமல் விளிம்பைத் தாண்டினால், தண்ணீரைத் திருப்பிவிடும் குழாயின் வாய் மிக ஆழத்தில் இருக்கிறது என்று அர்த்தம். அதை மேலே தூக்குங்கள், அல்லது நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் சின்னத் துளை போடுங்கள். நள்ளிரவில் கரண்ட் போய்த் தரை விரிப்பு நனைந்தால் அதற்கு எந்தக் கடையும் பணம் தராது.

கேள்வி (தொங்காட்): கடல் பத்து நிமிடத்தில் இருக்கிறது. எதற்கு உப்பு வாளி வாங்க வேண்டும்? பக்கியில் (பின்னால் திறந்த சிறு சரக்கு வண்டி) டிரம் வைத்து அள்ளி வந்தால் என்ன?

பதில்: நியாயமான கேள்வி, அப்படிச் செய்து நன்றாக வளர்க்கிறவர்களும் உண்டு. என் தயக்கம் நம் கரையைப் பற்றித்தான். 2021 ஜூலையில் டர்பன் அருகே கார்னூபியாவில் ரசாயனக் கிடங்கு எரிந்து உம்லாங்கா பக்கக் கடற்கரைகளை மூட வேண்டிவந்தது. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் கழிவுநீர் அமைப்புகள் உடைந்து டர்பன் கடற்கரைகளும் மாதக்கணக்கில் அடிபட்டன. மழைக்குப் பின்பும் ஆற்று முகத்துவாரத்துக்கு அருகிலும் அள்ளவே கூடாது. நம் பக்கம் ஆறில்லாத இடத்தைத் தேடுவதே ஒரு வேலை.

கணக்கையும் பாருங்கள். லிட்டருக்குச் சுமார் 38 கிராம் உப்பு. 200 லிட்டர் தொட்டியை முதலில் நிரப்ப ஏழரைக் கிலோ ஆகும். பிறகு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 20 லிட்டர் மாற்றினால் முக்கால் கிலோ. முதலில் நிரப்புவதையும் சேர்த்து இருபது கிலோ வாளி ஏழெட்டு மாதம் ஓடும். பெட்ரோல் விலையோடு ஒப்பிட்டால் மிச்சம் பெரிதாக இராது. உப்பைக் குழாய்த் தண்ணீரில் கரைக்காதீர்கள், ஆர்.ஓ. தண்ணீர் வேண்டும். உப்புத்தன்மையைப் பார்க்க முள் ஆடும் பிளாஸ்டிக் பெட்டி வேண்டாம், ஒளி விலகுவதை வைத்து அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டர் வாங்குங்கள். அதை வெறும் தண்ணீரில் சரிபார்ப்பதைவிட ஆயிரத்துக்கு 35 பங்கு உப்பு அளவுள்ள சோதனைத் திரவத்தில் சரிபார்ப்பது நல்லது.

கேள்வி (லெனேசியா): கேப் டவுனில் ஒருவரிடமிருந்து ஆன்லைனில் பவளத் துண்டுகள் வாங்கினேன். ஏழு நாளுக்குள் எந்த ஆன்லைன் பொருளையும் திருப்பலாம் என்கிறார்களே?

பதில்: பம்ப், விளக்கு என்றால் திருப்பலாம், அனுப்பும் செலவு மட்டும் உங்களுடையது. ஆனால் சீக்கிரம் கெடக்கூடியதும், தன்மையினாலேயே திருப்ப முடியாததும் அந்த விதியில் சேராது. உயிருள்ள பவளத்துக்கு அதைக் காட்டி வாதாட முடியாது. ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதியிருந்தால் தவிர, நீங்கள் ஏற்றுக்கொள்ளும் வரை சரக்கு விற்பவர் பொறுப்பில்தான் வருகிறது. அதனால் கூரியர்காரர் நிற்கும்போதே பெட்டியைத் திறந்து, பையைப் பிரிக்காமல் படம் எடுத்து உடனே அனுப்புங்கள். ஜூன், ஜூலைக் குளிரில் உங்கள் ஊருக்கு வரவழைப்பதானால் வெப்பப் பொதி வைக்கச் சொல்லுங்கள்.

இதே வழியில் மீனும் வாங்கினால்: வெகுநேரம் கட்டியிருந்த பையைத் திறந்ததும் அதிலுள்ள கார்பன் டை ஆக்சைடு வெளியேறி, தண்ணீரின் பி.எச். ஏறி, தேங்கியிருந்த அம்மோனியா திடீரென்று விஷமாகும். கட்டிய பையை மிதக்கவிட்டுச் சூட்டைச் சமப்படுத்துங்கள். திறந்த பிறகு மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாக ஊற்றிக்கொண்டிருக்காதீர்கள். பைத் தண்ணீரைத் தொட்டியில் சேர்க்கவும் வேண்டாம். சில கடைகள் நோய்க்குச் செம்பு மருந்து போட்டிருப்பார்கள், இறாலுக்கும் பவளத்துக்கும் அது எமன்.

கேள்வி (வெருலம்): வெளிநாடு போகிற ஒருவர் நாலடித் தொட்டி, கல், சாமான் எல்லாவற்றையும் ‘ஃபுட்ஸ்டூட்ஸ்’ (உள்ளது உள்ளபடி) என்று எழுதி விற்கிறார். கல்லில் பழுப்பு நிறப் பொத்தான் பவளம் மண்டிக்கிடக்கிறது. கொதிக்க வைத்தால் போய்விடுமாமே?

பதில்: கொதிக்க வைக்கவே வைக்காதீர்கள்! அந்த வகைப் பவளங்கள் சிலவற்றில் பாலிடாக்ஸின் என்ற கடும் விஷம் உண்டு. அந்த ஆவியைச் சுவாசித்துக் குடும்பத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உலகில் பல இடங்களில் இருக்கிறார்கள். கையுறையும் கண்ணாடியும் போட்டுத் தொடுங்கள், பிரஷ்ஷால் தேய்க்காதீர்கள். அந்தக் கல்லை வாங்காமல் விட்டால் இன்னும் நல்லது.

வியாபாரம் செய்யாத தனி ஆள் விற்றால் நுகர்வோர் சட்டம் வராது, உள்ளது உள்ளபடிதான். தெரிந்தே மறைத்த குறைக்கு மட்டும் அவரைப் பிடிக்கலாம், அதை நிரூபிப்பது உங்கள் பாடு. ஆகவே தொட்டியை அவர் முற்றத்திலேயே சமதரையில் நிரப்பி, மூலைகளுக்கு அடியில் செய்தித்தாள் விரித்து, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். ஒப்புக்கொள்ளாவிட்டால் விலையைப் பாதியாகக் கேளுங்கள்.

கேள்வி (இஸிபிங்கோ): சோட்வானா பே போகிறோம். கரையில் கிடக்கும் பவளத் துண்டைத் தொட்டிக்கு எடுத்து வரலாமா?

பதில்: கூடாது. அது இசிமங்கலிசோ பூங்கா, 1999 முதல் உலகப் பாரம்பரிய இடம். கடையில் கல் பவளம் வாங்கும்போதும் இறக்குமதியானதா, இங்கே வெட்டி வளர்த்த துண்டா என்று கேளுங்கள். கல் பவளங்களும் ராட்சதச் சிப்பிகளும் கடல் குதிரைகளும் அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தப் பட்டியலில் இருப்பவை. இறக்குமதிச் சரக்கென்றால் கடைக்காரரிடம் தாள் இருக்க வேண்டும்.