1.33-ஐ 1 ஆக்கினால் சேர்மமே மாறிவிடும்

கேள்வி: ஒரு சேர்மத்தின் மூலக்கூறு வாய்ப்பாட்டைக் காண வேண்டும். அதில் கார்பன் 40.92, ஹைட்ரஜன் 4.58, ஆக்சிஜன் 54.50 சதவீதம். மோலார் நிறை (ஒரு மோலின் நிறை) 176.12 கிராம். மோல் விகிதம் 1 : 1.33 : 1 என்று வந்தது. அதை 1 : 1 : 1 என முழுமையாக்கினேன். கடைசியில் மூன்று தனிமங்களிலும் ஆறாறு அணுக்கள் என விடை கிடைத்தது. தவறு என்கிறார்கள். எங்கே பிழை?

பதில்: 1.33 வரை நீங்கள் செய்தது முற்றிலும் சரி. சேர்மம் 100 கிராம் என்று வைத்துக்கொண்டால் சதவீதங்கள் அப்படியே கிராம் ஆகின்றன. ஒவ்வொன்றையும் அதன் அணு நிறையால் வகுத்தால் கார்பன் 3.407, ஹைட்ரஜன் 4.544, ஆக்சிஜன் 3.406 மோல். மிகச் சிறிய எண்ணால் வகுக்க, நீங்கள் கண்ட விகிதம் வருகிறது.

பிழை அடுத்த அடியில்தான். 1.01, 0.99 போன்றவற்றை முழு எண்ணாக்கலாம். அவை அளவீட்டின் சிறு பிசகுகள். 1.33 அப்படியல்ல, அது 4/3. எல்லா எண்களையும் 3-ஆல் பெருக்குங்கள்: 3 : 4 : 3. இதுவே எளிய விகித வாய்ப்பாடு, அதாவது அணுக்களின் மிகச் சிறிய முழு எண் விகிதம். இதே முறையில் .5 வந்தால் 2-ஆலும், .25 அல்லது .75 வந்தால் 4-ஆலும் பெருக்க வேண்டும்.

இனி இந்த வாய்ப்பாட்டின் நிறை 88.06. மோலார் நிறையை அதனால் வகுத்தால் துல்லியமாக 2. ஆகவே மூலக்கூறில் கார்பன் 6, ஹைட்ரஜன் 8, ஆக்சிஜன் 6. இது அஸ்கார்பிக் அமிலம், அதாவது வைட்டமின் சி.

உங்கள் கணக்கில் இதே இடத்தில் 176.12-ஐ 29.02-ஆல் வகுத்து 6.07 பெற்றிருப்பீர்கள். அங்கேயே நின்றிருக்க வேண்டும்! நான்கு இலக்கத் துல்லியமுள்ள தரவு இவ்வளவு விலகாது. நீங்கள் எழுதிய வாய்ப்பாட்டுக்கும் உண்மையிலேயே ஒரு சேர்மம் உண்டு: வைட்டமின் சி ஆக்சிஜனேற்றம் அடையும்போது உருவாகும் டிஹைட்ரோ அஸ்கார்பிக் அமிலம். ஆனால் அதில் ஹைட்ரஜன் 3.47 சதவீதம்தான். விடையிலிருந்து சதவீதத்தைத் திரும்பக் கணக்கிட்டுப் பார்க்கும் பழக்கம் இருந்தால் இந்தப் பிழை ஒரு நிமிடத்தில் பிடிபட்டுவிடும். தயவுசெய்து அதைத் தவிர்க்காதீர்கள்.

மோலார் நிறை தரப்படாவிட்டால் எளிய விகித வாய்ப்பாட்டோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அசிட்டிலீனிலும் பென்சீனிலும் கார்பன் ஒரே 92.26 சதவீதம்தான், 26.04, 78.11 என்ற மோலார் நிறைகளே அவற்றைப் பிரித்துக் காட்டுகின்றன.

சில கணக்குகளில் ஆக்சிஜன் சதவீதம் இருக்காது. வேறு தனிமம் இல்லையெனில் மற்றவற்றின் கூட்டுத்தொகையை 100-இலிருந்து கழித்துப் பெறலாம். அதை வகுக்கும்போது அணு நிறையான 16-ஐயே எடுங்கள், மூலக்கூறு நிறையான 32-ஐ அல்ல.