தலையாட்டுகிறார்கள், வருவதில்லை

கேள்வி: எங்கள் ஊர் கிராம சபைக்குப் பெண்கள் வருவதே இல்லை. நோட்டீஸ் அடித்துக் கொடுத்தேன், வாட்ஸ்அப்பில் அனுப்பினேன், வீடு வீடாகப் போய்ப் பேசினேன். "நல்ல விஷயம்தாம்மா" என்கிறார்கள். கூட்டத்தன்று ஒருத்தரையும் காணோம். இவர்களுக்கு எப்படிப் புரியவைப்பது?
– ஒரு வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்

பதில்: அவர்களுக்கு எப்போதோ புரிந்துவிட்டது, வாசகி. இனி நோட்டீஸுக்குச் செலவு செய்யாதீர்கள். அத்தனை ஆண்கள் நடுவில் தனியாகப் போய் உட்கார்ந்தால் தெருவில் என்ன பேசுவார்கள் என்ற யோசனைதான் அவர்களைத் தடுக்கிறது.

புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் நடந்ததைச் சொல்கிறேன். கிராமத்துப் பெண் சைக்கிள் மிதித்தால் கேலி பேசிய காலம். அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத், அறிவொளி இயக்கத்தின் எழுத்தறிவு வேலையோடு சைக்கிள் பயிற்சியையும் சேர்த்தார். பெண்கள் கூட்டமாகக் கற்றுக்கொண்டார்கள். ஊரே ஓட்டும்போது யாரைப் பார்த்துச் சிரிப்பது? லேடீஸ் சைக்கிள் கிடைக்காதவர்கள் பார் வைத்த ஆண்கள் சைக்கிளிலேயே ஏறினார்கள். பாரில் குழந்தையை உட்காரவைக்கலாம் என்று சிலருக்கு அதுவே பிடித்தும் போனது. ஒன்றரை ஆண்டில் லட்சத்துக்கும் அதிகமான பெண்கள் கற்றுக்கொண்டதாகப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதினார். வேலைக்குப் போக, தண்ணீர் எடுத்துவர, சரக்கு கொண்டுபோய் விற்க என்று சைக்கிளால் அன்றாடம் பலன் இருந்தது. அதனால்தான் பயிற்சியோடு நின்றுபோகவில்லை.

1978இல் மார்க் கிரனோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் இதை ஒரு கணக்காகவே சொன்னார். எத்தனை பேர் இறங்கிய பிறகு தானும் இறங்குவது என்பது ஆளுக்கு ஆள் மாறும். ஒருத்திக்கு இரண்டு பேர் போதும், இன்னொருத்திக்கு இருபது பேர் வேண்டும்.

உங்கள் ஊரில் மகளிர் சுய உதவிக் குழு இருக்குமே, அங்கே ஆரம்பியுங்கள். குழுக் கூட்டத்தைக் கிராம சபை நடக்கும் அதே நாளில் சற்று முன்னதாக வைத்து, முடிந்ததும் சேர்ந்தே கிளம்புங்கள். ஊரில் தைரியசாலி என்று பேர் வாங்கிய அக்காவை மட்டும் நம்ப வேண்டாம். "அவ எப்பவும் அப்படித்தான்" என்று விட்டுவிடுவார்கள். வாய் திறக்காத, சாதாரணமான நாலு பேர் வந்தால்தான் மற்றவர்களுக்கு நாமும் போகலாம் என்று தோன்றும்.

வெறுங்கையோடும் போகாதீர்கள். குடிநீர்க் குழாய், தெருவிளக்கு என்று ஏதாவது ஒரு சின்ன விஷயம், விரைவில் நடக்கக்கூடியதாகப் பார்த்து மனுவாக எழுதிக்கொண்டு போங்கள். அது தீர்மானமாகப் பதிவாகிறதா என்று பாருங்கள். முதல் தடவை யாரும் பேச வேண்டிய அவசியமில்லை, உட்கார்ந்திருந்தாலே போதும். கூட்டம் சமையல் நேரத்தில் வருகிறதென்றால் நேரத்தை மாற்றச் சொல்லி முன்கூட்டியே ஊராட்சித் தலைவரிடம் கேளுங்கள்.

எட்டுப் பேர் வந்தாலும் சரி. அப்புறம் வாட்ஸ்அப்பில் போடுங்கள், இந்த முறை போட்டோவோடு. படத்தில் இருப்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு.