வாசகர் கேள்வி – பதில்: பேத்தை மீனுக்கு உவர்நீர்த் தொட்டி

கேள்வி: மகனுக்காக இரண்டரை அடி நீளமும், ஒன்றேகால் அடி அகலமும் உயரமும் கொண்ட கண்ணாடித் தொட்டியொன்றை வாங்கியுள்ளேன். பச்சை முதுகில் கரும்புள்ளிகள் உள்ள சிறிய பேத்தை மீன் கிணற்று நீரிலேயே வளரும் என்று அலங்கார மீன் விற்பவர் கூறுகிறார். நந்திக்கடலில் தொழில் செய்யும் என் மைத்துனரோ அது களப்பு மீன், உப்பின்றி நிலைக்காது என்கிறார். எவர் சொல்வது சரி? ஆனையிறவு உப்பைக் கரைத்து விடலாமா?
– வாசகர், முள்ளியவளை

பதில்: உங்கள் மைத்துனர் சொல்வதே சரி. குஞ்சுப் பருவத்தில் இம்மீன் நன்னீரில் சில மாதங்கள் தாக்குப்பிடிப்பதால் விற்பவர்கள் அவ்வாறு கூறிவிடுகின்றனர். வளர வளர அதற்கு உவர்ப்பு அவசியமாகிறது. ஏறத்தாழ 15 சென்ரிமீற்றர் வரை வளரக்கூடிய இம்மீன் ஒன்றுக்கு மட்டுமே உங்கள் 110 லீற்றர் தொட்டி போதும். மைத்துனரின் வலையில் அகப்படும் பேத்தைக் குஞ்சை விடும் எண்ணம் இருந்தால், அதன் புள்ளிகளைப் பாருங்கள். சாம்பல் முதுகில் வெண்புள்ளிகள் இருந்தால் அது 30 சென்ரிமீற்றரையும் தாண்டி வளரும் வேறோர் இனம்; அதைக் களப்பிலேயே விட்டுவிடுவது நல்லது.

உப்பளத்து உப்பு வேண்டாம். பாத்திகளில் கடல்நீர் வற்றும்போது சுண்ணமும் சிப்சமும் முதலில் படிந்துவிடுகின்றன, மகனீசியம் மிகுந்த கசப்பு நீர் இறுதியில் வடித்து அகற்றப்படுகிறது. எஞ்சுவது பெரும்பாலும் சோடியம் குளோரைட்டு மட்டுமே. நீரின் காரத்தன்மையை நிலையாக வைத்திருக்கும் உப்புகள் அதில் போதிய அளவில் இல்லை. கடல்நீர்த் தொட்டிகளுக்கென விற்கப்படும் உப்பை லீற்றருக்கு 10 கிராம் வீதம் கரைத்தால் சாரடர்த்தி (நன்னீருடன் ஒப்பிட்ட அடர்த்தி) 1.006 அல்லது 1.007 அளவில் அமையும். இளம் மீனுக்கு அது பொருத்தமானது. அந்த உப்பு விலை கூடியது என்பதால், முல்லைத்தீவுக் கரைக்கு அருகில் வாழும் நீங்கள், ஒரு பங்கு கடல்நீருக்கு மூன்று பங்கு கிணற்று நீரைக் கலந்தும் ஏறக்குறைய அதே அளவைப் பெறலாம். மாரி காலத்தில் முகத்துவாரத்தை அண்டிய நீர் ஐதாகவும் கலங்கலாகவும் இருக்கும் என்பதால், கடல்நீரைத் திறந்த கரையில் எடுத்துத் துணியால் வடித்துக்கொள்ளுங்கள். எவ்வழியாயினும் நீரடர்த்திமானியால் அளந்து உறுதிப்படுத்த வேண்டும். அடியில் மணலுடன் நொறுக்கிய சிப்பி ஓட்டைப் பரப்புங்கள். கரையில் கிடக்கிறதே என்று முருகைக்கல்லைப் பெயர்த்து வருவது சட்டவிரோதம்.

கேள்வி: உவர்நீர் நிரப்பி, வடிகட்டியை ஓடவிட்டு ஒரு கிழமையாகிறது. நீர் பளிங்குபோல் தெளிந்துவிட்டது. மீனை விடலாமா? பற்றீரியா வளர்வதற்கு வயலுக்கு எறியும் யூரியாவில் சிறிது போடச் சொல்கிறார்களே?
– வாசகர், கிளிநொச்சி

பதில்: விட வேண்டாம். தெளிவுக்கும் பாதுகாப்புக்கும் தொடர்பில்லை. மீனின் கழிவிலிருந்து வரும் அமோனியாவை ஒருவகைப் பற்றீரியா நைத்திரைற்றாகவும், அதை இன்னொரு வகை நைத்திரேற்றாகவும் மாற்ற வேண்டும். முதலிரண்டும் நஞ்சு, மூன்றாவதை வாராந்த நீர்மாற்றத்தால் கட்டுப்படுத்தலாம். நம் பகுதியின் காரத்தன்மை கூடிய நீரில் அமோனியாவின் நச்சுத்தன்மை மேலும் கூடும் என்பதையும், பேத்தை நீர் மாசுக்கு மிக எளிதில் வீழும் மீன் என்பதையும் சேர்த்து எண்ணினால் அவசரத்துக்கு இடமேயில்லை.

யூரியா சிதைந்துதான் அமோனியாவாக மாற வேண்டும். சிதையாத பங்கை அமோனியாச் சோதனை காட்டாது. நீரில் எவ்வளவு மறைந்திருக்கிறது என்று அறிய முடியாத ஒன்றை ஏன் போட வேண்டும்? தோல் உரிக்காத இறால் ஒன்றைத் துணிப்பையில் கட்டித் தொட்டியில் தொங்கவிடுங்கள். அது அழுகி அமோனியா லீற்றருக்கு 2 முதல் 4 மில்லிகிராம் வரை ஏறியதும் எடுத்துவிடலாம். (வீட்டில் நாற்றத்துக்குத் திட்டு வாங்க வேண்டிவரும், மூடி போட்டால் ஓரளவு தப்பலாம்.) பிறகு நைத்திரைற்று உயர்ந்து, கிழமைகள் கழிந்து தாழும். 2 மில்லிகிராம் அளவிலான அமோனியா ஒரே நாளில் தீர்ந்து, நைத்திரைற்றும் பூச்சியமாக இருந்தால் தொட்டி ஆயத்தம். இதற்குப் பொதுவாக 4 முதல் 6 கிழமைகள் செல்லும். சிலவேளை கூடவும் ஆகலாம்.

நீங்கள் தொடக்கத்திலேயே உப்பிட்டது மிகச் சரி. மாரியில் ஐதாகி, கோடையில் கடுக்கும் களப்பில் வாழும் மீன் உவர்ப்பின் ஏற்ற இறக்கத்தைத் தாங்கும். நன்னீரில் வளர்ந்த பற்றீரியாவோ திடீரென உப்பு ஏறினால் செயலிழந்து, அமோனியாவை மாற்றும் இந்தச் சுழற்சியைத் தொடக்கத்துக்கே கொண்டுபோய்விடும். மின்வெட்டும் அதற்குப் பகையே: நீரோட்டம் நின்ற வடிகட்டிக்குள் ஒட்சிசன் தீர்ந்து சில மணித்தியாலங்களில் பற்றீரியா மடியத் தொடங்கும் என்பதால், மின்கலத்தில் இயங்கும் காற்றுப் பம்பி ஒன்றை வைத்திருங்கள்.

கேள்வி: பேத்தைக்கு என்ன உணவு கொடுப்பது? கையால் பிடிக்கலாமா?
– வாசகர், மாங்குளம்

பதில்: ஓட்டுடன் கூடிய ஊரி, நத்தை, சிறு மட்டி, இறால் ஆகியவற்றைக் கொடுங்கள். அதன் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்வன. கடினமான ஓட்டைக் கடித்துத் தேய்க்காவிட்டால் வாய் திறக்க முடியாமல் பட்டினியால் இறந்துவிடும். மீனை வலையாலோ கையாலோ நீருக்கு வெளியே தூக்க வேண்டாம். பயந்து காற்றை விழுங்கி ஊதினால் அதை வெளியேற்ற மிகவும் சிரமப்படும். நீருக்குள்ளேயே ஒரு பாத்திரத்தில் ஏற்றி மாற்றுங்கள். இறந்த மீனைக் கோழியோ நாயோ கிளறாத ஆழத்தில் புதைக்க வேண்டும், ஏனெனில் பேத்தையின் நஞ்சு சமைத்தாலும் நீங்காதது.