எந்தப் பரீட்சைக்கும் இல்லை, கதைதான்

கேள்வி: மறைமலைநகரிலிருந்து எழும்பூருக்குத் தினமும் மின்சார ரயிலில் வேலைக்குப் போகிறேன். மகளிர் பெட்டியில் இடம் கிடைத்தால் நாவலோ சிறுகதையோ படிப்பேன். எதிரே உட்கார்ந்து கீரை ஆயும் ஒரு அம்மா, “எந்த எக்ஸாமுக்கும்மா படிக்கிற?” என்று கேட்டார். கதைப் புத்தகம் என்றதும் ஒரு மாதிரி பார்த்தார். பக்கத்தில் ஒரு பெண், “சும்மா சீன்” என்று என் காதுபடவே சொன்னாள். இப்போது அட்டை தெரியாமல் நியூஸ் பேப்பர் சுற்றிக்கொள்கிறேன், யாராவது கேட்டால் குரூப் ஃபோருக்குப் படிக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். பொது இடத்தில் படிப்பது நம் ஊருக்கு ஒட்டாத பழக்கமா? வீட்டோடு வைத்துக்கொள்ளட்டுமா?
- ஒரு வாசகி, மறைமலைநகர்

பதில்: சீன் என்று சொன்ன பெண்ணை விடுங்கள். அவரை விட நீங்கள் சொல்லும் அந்தக் குரூப் ஃபோர் பொய்தான் எனக்கு உறுத்துகிறது. ஒவ்வொரு முறை நீங்கள் அப்படிச் சொல்லும்போதும், புத்தகம் என்றால் பரீட்சைக்குத்தான் என்று அந்தப் பெட்டியில் உள்ள நாலு பேர் இன்னொரு தடவை உறுதி செய்துகொள்கிறார்கள். அடுத்து ஒரு கல்லூரிப் பெண் அதே பெட்டியில் கதைப் புத்தகத்தை எடுத்தால் அவளிடமும் இதே கேள்வி வரும்.

நம் ஊருக்கு ஒட்டாத பழக்கமா என்று கேட்கிறீர்கள். உங்கள் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் திருவிழா நடந்தால் பகலெல்லாம் பந்தலில் பாரதம் படிப்பார்கள், ஊரே உட்கார்ந்து கேட்கும், ராத்திரி அதே கதை கூத்தாக நடக்கும். அது பொது இடத்தில் படிப்பது இல்லாமல் வேறு என்ன? அப்புறம் டீக்கடை. 1942இல் ஆதித்தனார் மதுரையில் தினத்தந்தி ஆரம்பித்தபோது, எழுத்துக்கூட்டிப் படிக்கிறவருக்கும் புரிகிற தமிழில்தான் எழுத வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார், அந்தப் பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு டீக்கடை பெஞ்சில் எழுத்துப் பழகியவர்கள் எத்தனையோ பேர். திராவிட இயக்கத்துக்காரர்கள் தெருமுனையில் கீற்றுக்கொட்டகை போட்டு படிப்பகம் என்று போர்டு மாட்டினார்கள். சலூனில் முடிவெட்டக் காத்திருக்கும் நேரத்தில் ஒருவர் விடுதலையையோ முரசொலியையோ உரக்கப் படிப்பார், படிக்கத் தெரியாதவர்கள் சுற்றி உட்கார்ந்து கேட்டு, அங்கேயே அரசியலும் பேசுவார்கள். தனியாக ஓர் அறையில் கதவைச் சாத்திக்கொண்டு படிக்கிற வசதி நம்மில் பெரும்பாலான வீடுகளில் இருந்ததே இல்லை. நாம் வெளியில்தான் படித்தோம்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த டீக்கடை பெஞ்சிலும் சலூனிலும் படிப்பகத்திலும் பெண்கள் இல்லை. கேட்கக்கூட உட்கார முடியாது. அதனால் மகளிர் பெட்டியில் நீங்கள் புத்தகத்தைத் திறப்பது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

பரீட்சைக்குப் படிக்கிறவர்களை நான் குறை சொல்லவில்லை. கோட்டூர்புரத்தில் அண்ணா நூற்றாண்டு நூலகம் 2010இல் திறந்தார்கள், அங்கே சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கிற பகுதிக்குப் போய்ப் பாருங்கள், காலையிலேயே இடம் பிடித்து, டிபன் பாக்ஸும் தண்ணீர் பாட்டிலுமாக வேலைக்குத் தேர்வு எழுதும் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். வீட்டில் இடமில்லாமல்தான் வருகிறார்கள், அவர்களுக்கு அந்த மேஜை அவசியம். அதையே பார்த்துப் பார்த்து, கையில் புத்தகம் இருந்தால் பரீட்சை என்று ஊர் நினைத்துக்கொண்டது. கீரை ஆய்கிற அம்மாவும் அப்படித்தான் கேட்டிருப்பார். உங்களைக் கேலி செய்ய அவருக்கு என்ன இருக்கிறது? வீட்டில் யாராவது வேலைக்குப் படித்துக்கொண்டிருக்கலாம்.

திண்டிவனத்திலிருந்து செங்கல்பட்டுக்குப் பஸ்ஸில் வரும்போது எனக்கு நடந்தது ஒன்று. ஜன்னலோர சீட்டில் ஒரு சிறுகதைத் தொகுப்பைப் படித்துக்கொண்டு வந்தேன். பக்கத்துப் பெரியவர் கொஞ்ச நேரம் என் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தார், கண்ணைச் சுருக்கினார், பிறகு, “தம்பி, கண்ணாடிய வீட்லயே வெச்சிட்டு வந்துட்டேன், கொஞ்சம் சத்தமாப் படியேன்” என்றார். கூச்சமாகத்தான் இருந்தது. படித்தேன். அச்சிறுபாக்கம் தாண்டும்போது முன்சீட்டில் இருந்தவரும் திரும்பி உட்கார்ந்துகொண்டார். மேல்மருவத்தூரில் இறங்க வேண்டிய பெரியவர், கதை முடியவில்லை என்று எழுந்திருக்க மனசில்லாமல் கண்டக்டரிடம் திட்டு வாங்கிக்கொண்டு இறங்கினார். இறங்கினவர் ஜன்னல் பக்கம் வந்து, “அந்தப் பொண்ணு கடைசில வீட்டுக்குத் திரும்பிச்சா?” என்று கேட்டார். பஸ் நகர்ந்துவிட்டது, நான் தலையை ஆட்டியது அவருக்குத் தெரிந்ததா என்று தெரியவில்லை.

வீட்டோடு வைத்துக்கொள்ளட்டுமா என்கிறீர்களே, வீட்டில் உங்களுக்கு எப்போது நேரம்? போக ஒன்றேகால் மணி, வர ஒன்றேகால் மணி, மாதம் 25 நாள் என்றால் 60 மணி நேரத்துக்கு மேல் வருகிறது. காபி கேட்கவும் குக்கர் விசிலை எண்ணச் சொல்லவும் ஆள் இல்லாத நேரம் அது. யாருக்காக அதை விட்டுக்கொடுக்கப் பார்க்கிறீர்கள்? நிற்க முடியாதவர் வந்தால் எழுந்து இடம் கொடுங்கள், கூட்டத்தில் பையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான், வேறு எதற்கும் யாரிடமும் அனுமதி வேண்டாம்.

நாளைக் காலை அந்த நியூஸ் பேப்பர் உறையைக் கழற்றிப் போட்டுவிட்டு ரயில் ஏறுங்கள். கீரை அம்மா மறுபடி கேட்டால் கதையின் பெயரைச் சொல்லுங்கள், யாரைப் பற்றிய கதை என்றும் சொல்லுங்கள். கை கீரையில் இருக்கும், காது சும்மாதான் இருக்கும். கேட்கிறீர்களா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, கூடுவாஞ்சேரியில் ஆரம்பித்தால் தாம்பரம் வருவதற்குள் நாலைந்து பக்கம் வாசித்துக் காட்டிவிடலாம்.