டோரதி பார்க்கரை எங்கே தொடங்குவது?

வணக்கம். நீங்கள் சொன்னதை நம்பி அமெரிக்க எழுத்தாளர் டோரதி பார்க்கரின் கதை, கவிதைத் தொகுப்பை வாங்கினேன். முதல் நாள் விழுந்து விழுந்து சிரித்தேன். நான்காம் நாள் அலுத்துவிட்டது. 1920களின் நியூயார்க்கில் வசதியானவர்கள் குடிக்கிறார்கள், பேசுகிறார்கள், மறுபடி குடிக்கிறார்கள். மேலே படிக்கத்தான் வேண்டுமா?

கே.

அன்புள்ள கே.,

வரிசையாகப் படித்திருப்பீர்கள். ஊறுகாயைத் தட்டு நிறையப் போட்டுக்கொண்டால் நாக்கு மரத்துத்தான் போகும். பத்திரிகைகளுக்கு ஒவ்வொன்றாக எழுதியவை அவை. நியூயார்க்கின் அல்கான்குவின் ஹோட்டலில் எழுத்தாளர்கள் கூடி அடித்த மதியச் சாப்பாட்டு அரட்டைகளால்தான் அவருக்குப் பேர். ஆனால் பிற்காலத்தில் அவரே அந்தக் கூட்டத்தைப் பெரிதாக மதிக்கவில்லை. நானும்தான்.

கவிதைகளை விடுங்கள். 1929இல் சிறுகதைக்கான ஓ. ஹென்றி பரிசு பெற்ற ‘பிக் ப்ளாண்ட்’ (Big Blonde) கதைக்குப் போங்கள். ஹேசல் மோர்ஸ் துணிக் கம்பெனியில் உடைகளைப் போட்டுக் காட்டும் வேலை பார்த்தவள். ஆண்கள் சொல்லும் நகைச்சுவைக்கெல்லாம் சிரிப்பாள், அதனால் அவளை எல்லோருக்கும் பிடிக்கும். கல்யாணமானதும் அப்பாடா என்று அழ ஆரம்பிக்கிறாள். புருஷன் போய்விடுகிறான். அப்புறம் ஒருவர் மாற்றி ஒருவர், எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே, சிரி. நாடு முழுக்க மதுவிலக்கு, இவள் கையில் எப்போதும் விஸ்கி. ஒருநாள் தூக்க மாத்திரைகளை அள்ளிப் போட்டுக்கொள்கிறாள். அதிலும் தப்பிவிடுகிறாள். கண் விழித்தவளிடம் வேலைக்காரப் பெண் சொல்வதும் அதேதான், உற்சாகமாக இருங்கள் என்று. அங்கே எனக்குச் சிரிப்பு வரவில்லை. உங்களுக்கும் வராது.

வெறும் பார்ட்டிப் பேச்சு என்கிறீர்களே, 1927இல் எழுதிய ‘அரேஞ்ஜ்மென்ட் இன் பிளாக் அண்ட் ஒயிட்’ முழுக்கப் பார்ட்டிப் பேச்சுதான். சாயத்தின் தயவில் பொன்னிறமான கூந்தல், அதில் ரோஜா நிற வெல்வெட் பூக்கள். அந்த அம்மாள் கறுப்பினப் பாடகர் ஒருவரை அறிமுகம் செய்து வைக்கச் சொல்கிறாள். தனக்கு நிற வேற்றுமையே கிடையாது என்று மூச்சுக்கு மூச்சு சொல்கிறாள். கடைசியில் அவளுக்குப் பூரிப்பு தாங்கவில்லை: அவரை ‘மிஸ்டர்’ என்று கூப்பிட்டதை வீட்டுக்காரரிடம் சொல்ல வேண்டுமாம்! பார்க்கர் எங்கேயும் குறுக்கே வந்து திட்டவில்லை. அவளைப் பேசவிட்டு ஓரமாக நிற்கிறார், அவ்வளவுதான். 1967இல் அவர் இறந்தபோது உயிலில் எல்லாவற்றையும் மார்ட்டின் லூதர் கிங்குக்கு எழுதி வைத்திருந்தார். இருவரும் சந்தித்ததே இல்லை.

‘அரேஞ்ஜ்மென்ட்’ சின்னக் கதை, பத்து நிமிடம் போதும். இன்று இரவு படியுங்கள். நாளைக்குப் புத்தகத்தைத் தொடாதீர்கள்.